கரண்டு வைத்த கால்

பாவா,

இன்று என் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரியில் காலில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் விட்டார்கள். "கால் தானா துள்ளும், பயப்படாதீங்க ஐயா" என்றது பட்டை ஒட்டிய பெண். துள்ளியது. ஒட்டியதையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். கிழவன் பயந்துவிட்டான் என்று சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

போலீஸ் வேலைக்கு வயது வரம்பில் உங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வருடம்தான். பொதட்டூர்பேட்டையிலிருந்து என் அக்காவோடு தறியையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டிருந்தீர்கள், முருகன் கோயில் மலைப்படி பக்கத்தில் இருக்கிறதே, ஓடிப் பழகலாம் என்று. விடிந்ததும் அந்தப் படிகளை மூன்று தடவை ஓடி ஏறி இறங்குவீர்கள். சந்நிதியில் கும்பிடக்கூட நிற்க மாட்டீர்கள். "முருகனுக்குத் தெரியும்டா, நான் அவசரத்துல ஓடிகினு இருக்கேன்னு" என்பீர்கள்.

நான் அப்போதுதான் மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் அக்குபங்சர் கற்று, ஒரு மின்சாரப் பெட்டியும் வாங்கி வந்திருந்தேன். ஓடிக் களைத்த காலில் முட்டிக்குக் கீழே ஓர் ஊசி, கெண்டைக்காலில் ஓர் ஊசி. இரண்டிலும் கம்பியை மாட்டிக் குமிழைத் திருப்பினால் தசை இழுத்து இழுத்து விடும். மறுநாள் நீங்கள் வலியில்லாமல் ஓடுவீர்கள்.

மற்றவர்களுக்குக் கால் வெட்டி வெட்டி இழுக்கும். உங்கள் பாதமோ தறியின் மிதியை அழுத்துவதுபோல நிதானமாக அழுத்தும். குதிகால் மரப்பெஞ்சில் டொக், டொக் என்று தட்டும். "இன்னாடா, படுத்துகினே நெய்ய வெச்சிட்டியா?" என்று சிரித்தபடி தூங்கிப்போவீர்கள். அடுத்த அறையில் தறிக்கு நூலைத் தாரில் சுற்றும் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ராட்டையைச் சுற்றுவாள். நெசவு வீட்டில் கால் சத்தம் கேட்டால் ஆள் நன்றாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

போலீஸ் ஓட்டத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு நீங்கள் வந்து படுத்தபோது முகம் வெளுத்திருந்தது. "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா. இன்னிக்கு வாணாமா?" என்றீர்கள். ஓடினால் அப்படித்தான் இருக்கும், கரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்றேன். பெரிய டாக்டர் நான்! ஊசியைப் பார்த்தேன், குமிழைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

அக்கா காபியோடு வந்து உங்களை எழுப்பினாள். தோளைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "டேய், மூச்சு இல்லடா."

டொக், டொக் நிற்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, கால் மட்டும் நெய்துகொண்டிருக்கிறது. ஐயோ, பாவா! பெட்டியை அணைத்துவிட்டு நெஞ்சை அழுத்தினேன். கால் அப்படியே நின்றது.

"ஏண்டா நிறுத்தின?" அக்கா அலறினாள். "போடுடா! நல்லாத்தானே ஆடிகினு இருந்துச்சி!"

போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். கால் மறுபடியும் மிதித்தது. அவள் அந்தப் பாதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆங், இருக்காருடா, இருக்காரு" என்றாள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். போய் அரை மணி ஆகியிருக்கும் என்றார். அக்கா பாதத்தை விடவில்லை. அவள் கைக்குள் அது அசைந்துகொண்டிருந்தபோதே நான் குமிழைத் திருப்பி அணைத்தேன்.

அதன்பிறகும் அக்கா எனக்குச் சோறு போட்டாள், என் பிள்ளைகளை வளர்த்தாள். நெஞ்சு அடைக்கிறது என்று நீங்கள் சொன்னதையும், நான் கேட்காததையும் அவள் கடைசியாகப் படுத்திருந்தபோதுதான் ஒப்புக்கொண்டேன்.

"அது விதிடா. அதுக்கு உன்மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள். பிறகு கேட்டாள்: "ரெண்டாவது வாட்டி ஏண்டா நிறுத்தின?"