ஒரு கைப்பிடி பழைய உமி

தஞ்சாவூர்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

என்னங்க,

மஸ்கட்டில் கிறிஸ்மஸுக்கு லீவு தரவில்லை என்று நீங்கள் சொன்னதும், டெலிபோன் பூத்தில் ரிசீவரை வைத்துவிட்டேன். பின்னால் வேறு ஆள் நின்றார். எங்கள் ஆய்வக எலிகளைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், எழுதிவிடுகிறேன்.

சூடேற்றிய அறையில் வைத்த எலிகளுக்கு அட்ரீனல் சுரப்பியில், பதற்றத்தைக் காட்டும் நொதியின் செயல்பாடு கூடும் என்று எதிர்பார்த்தோம். கூடியது. ஆனால் குளிர்ச்சியாக, சுகமாக இருந்தவற்றுக்கும் கூடியிருந்தது. ஆய்வகமே குழம்பிப்போனது.

காரணம் என் சுத்தம்தான். கூண்டில் பரப்பும் ரைஸ்மில் உமியை அவற்றுக்கு மட்டும் தினமும் முழுசாக மாற்றிக்கொண்டிருந்தேன். தன் வாடை போய்விட்டால் எலிக்கு அது யார் வீடோ. இப்போது பழைய உமியில் ஒரு கைப்பிடி விட்டுவைக்கிறேன். அதில் போய்ச் சுருண்டுகொள்கின்றன. நொதியும் இறங்கிவிட்டது.

அத்தை நலம். நேற்று, "பண்டிகை வருது, அவன் தலையணை உறையக் குடும்மா. அவன் போனதுலேருந்து துவைக்கவே இல்ல" என்றார்கள்.

"தையல் விட்டிருக்கு அத்தை, தைச்சுட்டுத் தரேன்" என்றேன்.

அதில் ஒரு தையலும் விடவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து,
நான்.