தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு வியாழக்கிழமைகள்

ஜூன் 6, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சுகம். போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்"னு வைத்துவிடுகிறாய். அதனால்தான் பத்திரிகை வண்டி ஓட்டுநரிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது.

நேற்று நம் மாலைப் பத்திரிகையில் உங்கள் கம்ப்யூட்டர் எழுதிய செய்தியைப் பார்த்தேன். "அணையின் நீர்மட்டம் ஒரே நாளில் மூன்றடி உயர்வு." இன்று அதே கம்ப்யூட்டர், "ஒரே நாளில் மூன்றடி சரிவு" என்கிறது. போன வியாழனும் உயர்வு, வெள்ளி சரிவு. அதற்கு முந்தின வாரமும் அப்படியே. மழை ஒரு சொட்டு இல்லை, மதகு திறக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வயிற்றை எக்கி விடுகிற அணையை நான் கேள்விப்பட்டதில்லை.

பத்தொன்பது வருடமாக மூன்று மைல் சைக்கிள் மிதித்துப் போய், அளவுக்கல்லைக் கண்ணால் பார்த்து எழுதி அனுப்பியவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். செய்தித்தாளைப் படித்துப் படித்தே எழுதக் கற்றவன். என் செய்திக்கு இதுவரை ஒரு திருத்தம் வந்தது உண்டா? அணைப் பாலத்துத் தூணில் ஒரு டப்பாவை மாட்டிவிட்டு, அது சொல்வதை அச்சடிக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

அண்ணன்

ஜூன் 10, செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்க்கத்தான். குறை சொல்லத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள அல்ல.

அந்த டப்பா மேலிருந்து பார்த்து, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து அனுப்பும். கம்ப்யூட்டர் அதைச் செய்தியாக எழுதும். சந்தை விலை, ரயில் நேரம் எல்லாம் இப்போது அதுதான் எழுதுகிறது. ஆபீஸில் அதைத் "தம்பி" என்று கூப்பிடுகிறார்கள். மூன்று வாரமாகச் சோதனைக்காக உன் அளவுக்குப் பதிலாக அதன் அளவைப் போடுகிறோம். இந்த மாதக் கடைசியோடு நீர்மட்டத்தையும் முழுக்க அதனிடமே விட்டுவிடலாம் என்று முதலாளி சொல்கிறார். உன் பெயரைக் காப்பாற்ற நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு எனக்கு ஆதாரம் வேண்டும். மூன்று வியாழனும் நீ நேரில் பார்த்த அளவு என்ன? உடனே எழுது.

இன்னொன்று. இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் பத்தொன்பது வருடச் செய்திகளையும் தம்பிக்குப் படிக்கக் கொடுத்தோம். அது ஒன்றைக் கண்டுபிடித்தது. மொத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு வியாழக்கிழமைகள். மழைக்காலம் என்றால் புதனைவிடச் சரியாக ஓர் அங்குலம் கூட. மற்ற நாளில் சரியாக ஓர் அங்குலம் குறைவு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதலாளி இன்னும் பார்க்கவில்லை. அண்ணா, வியாழக்கிழமை நீ எங்கே போகிறாய்?

உன் தங்கச்சி

ஜூன் 13, வெள்ளி

தங்கச்சிக்கு,

நம் அம்மா பெற்றது இரண்டு பேர்தான். மூன்றாவதாக ஒரு தம்பி எப்போது பிறந்தான் என்று எனக்குத் தெரியாது. பிறந்தவுடனே அண்ணனைக் காட்டிக் கொடுக்கிறான்.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணி, "என்ன, உங்க சாவுச் செய்தியை நீங்களே எழுதற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்கிறாள். சரி, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அணைக் காவலாளிக்கு வியாழன் விடுமுறை. மற்ற நாட்களில் அவன் நாயைச் சங்கிலியில் கட்டியிருப்பான். வியாழன் மட்டும் காவலுக்கு அவிழ்த்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். அந்த நாய்க்கு "மாப்பிள்ளை" என்று பெயர். கன்றுக்குட்டி உயரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வியாழன் அது என்னை மதகு வரை துரத்தியது. ஒரு செருப்பைப் பறிகொடுத்துத் தப்பினேன். அதன் பிறகு வியாழனில் அந்தப் பக்கம் போனதில்லை.

ஆகவே அந்த மூன்று வியாழனும் நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்றடி என்பது பொய். என் பொய் ஓர் அங்குலம். தம்பியின் பொய் முப்பத்தாறு அங்குலம். இதை முதலாளியிடம் சொல்.

அண்ணன்

ஜூன் 17, செவ்வாய்

அண்ணா,

கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். பிறகு அழுகையும் வந்தது. அது உனக்கு வேண்டாம்.

காவலாளிக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளையா? அது போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சேம்மா!" என்றார். "யாரையும் கடிச்சதே கிடையாது. துரத்தும், அவ்வளவுதான். யாரோ ஒருத்தரோட செருப்பு கிடைச்சது அதுக்கு. கடைசி வரைக்கும் அதுமேலதான் தலை வெச்சுத் தூங்கும்."

எட்டு வருடமாக இல்லாத நாய்க்குப் பயந்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் "நேரில் பார்த்தாயா?" என்று கேட்கிற ஆள், இதை மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

முதலாளியும் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டார். நான் ஒன்றும் மறைக்கவில்லை. வரும் திங்கள் முடிவு சொல்வார். நடுவில் ஒரே ஒரு வியாழன் இருக்கிறது.

தங்கச்சி

ஜூன் 19, வியாழன்

செய்திப் பிரிவுக்கு,

நீர்மட்டம் 31 அடி 4 அங்குலம். நேற்றைய அளவேதான். காலை ஏழு மணிக்கு நேரில் பார்த்தது.

காவலாளி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "என்ன சார், வியாழக்கிழமையில? வழி தவறிட்டீங்களா?" என்றான். ஊர்ப் பிள்ளைகள் எடுத்துப் போகாமல் இருக்க, தன் படகைப் பாலத்துத் தூணில் கட்டி, மேலே வளைவாகக் கம்பு வைத்துத் தார்ப்பாய் போர்த்தினான். நேர் மேலே உங்கள் டப்பா. தண்ணீரிலிருந்து தார்ப்பாயின் உச்சி வரை கயிற்றால் அளந்தேன். மூன்றடி. தம்பி நான்கு வாரமாக வியாழன்தோறும் அளந்தது அணையை அல்ல, தார்ப்பாயை. படகை அடுத்த தூணில் கட்டச் சொல்லிவிட்டேன்.

கீழே உள்ளதை ஓர் எழுத்து மாற்றாமல் அச்சிட வேண்டும்:

"திருத்தம்: கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக வியாழக்கிழமைதோறும் வெளியான அணை நீர்மட்டம் நேரில் பார்த்து எழுதப்பட்டது அல்ல. நிருபர் ஒரு நாய்க்குப் பயந்து ஊகித்து எழுதியது. நிருபர் வருந்துகிறார்."

தம்பியும் தன் நான்கு வியாழனுக்குத் தனியாக வருந்தட்டும். முடிந்தால்.

உங்கள் நிருபர்

ஜூன் 23, திங்கள்

அன்புள்ள அண்ணா,

திருத்தம் இன்று ஐந்தாம் பக்கத்தில் வந்திருக்கிறது. தம்பி முதலில் அதை ஏற்கவில்லை. "ஒரே நேரத்தில் 988 திருத்தங்கள். தவறுதலாக இருக்கலாம்" என்று நிறுத்தி வைத்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதன் சார்பில் வருத்தம் தெரிவித்ததும் நான்தான். அதற்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

முதலாளி திருத்தத்தை இரண்டு முறை படித்தார். "இந்த ஆளை விட்டுடாதீங்க. ஆனா தினமும் சைக்கிள் வேண்டாம்" என்றார். தினசரி அளவைத் தம்பி எழுதும். வாரத்துக்கு ஒருமுறை நீ போய்ப் பார்த்துச் சரி என்றால்தான் அது தொடர்ந்து எழுதலாம். செய்தியின் அடியில், "சரிபார்த்தவர்: நமது நிருபர்" என்று வரும்.

எந்தக் கிழமை என்று முதலாளியே சொல்லிவிட்டார். வியாழன்.

உன் தங்கச்சி

ஜூன் 27, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முழங்கால் தேவலை. தைலத்தைத் தேய்த்தேன்.

வேலையை ஏற்றுக்கொள்கிறேன். ஒருவனுக்கு மேலே உட்கார்ந்து தவறு பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. நேற்றைய அளவு 31 அடி 1 அங்குலம். தம்பியும் அதையே எழுதியிருக்கிறான். பரவாயில்லை, தேறி வருகிறான்.

ஒரே ஒரு கோரிக்கை. நம் திருத்தத்தைப் படித்துவிட்டுக் காவலாளிக்குப் பழைய ஞாபகம் வந்து, ஒரு குட்டி வாங்கி வந்திருக்கிறான். இப்போது முழ நீளம்தான். பெயர் "சின்ன மாப்பிள்ளை". நேரில் பார்த்துத்தான் எழுதுகிறேன். வாலை ஆட்டியது. ஆனால் செருப்பையே பார்த்தது.

கிழமையைப் புதனுக்கு மாற்ற முடியுமா என்று முதலாளியிடம் கேள். நான் கேட்டதாகச் சொல்லாதே.

அண்ணன்