செத்தவீட்டுத் தேத்தண்ணி

சரவணை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பிரியவதனிக்கு,

அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு நாளாக உன் போன் வேலை செய்யவில்லை. கொழும்பில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளையிடம் கேட்டேன். நீ கம்பனி வேலையை விட்டுவிட்டாய், ஒருவரோடும் பேசுவதில்லை என்றாள். அதனால்தான் கடிதம்.

அம்மாவின் செத்தவீட்டில் சிவக்கொழுந்து மாமி தந்த தேத்தண்ணியை நீ ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்ததைக் கண்டேன். எப்போது தொடக்கம் இப்படி என்று மாமியிடம் கேட்டாய். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "மூண்டு வருசமாப் பிள்ளை. கம்பனி கல்லுத் தோண்டுற கிடங்கு ஆழமாப் போகப் போக எங்கட கிணறெல்லாம் உவராப் போச்சு" என்றார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் நிற்காமல் மறுநாள் விடிய நீ பஸ் ஏறிவிட்டாய்.

நீ லீவில் வரும் நாட்களில் அம்மா வேறிடத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுப்பித்து வைப்பார். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவள் உடைஞ்சு போவாள்" என்று என் வாயையும் கட்டி வைத்திருந்தார். செத்தவீட்டு அமளியில் நல்ல தண்ணீர் எடுப்பிக்க எனக்கு நினைவு வரவில்லை.

சுண்ணாம்புக் கல் எடுக்க நிலம் கொடுத்தால் நூற்றைம்பது பேருக்கு வேலை, ஊர் முன்னேறும் என்று கம்பனிக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் நீ சொன்னாய்தான். கம்பனி உனக்குச் சொன்னதை நீ நம்பினாய். இன்று அந்த வேலிக்குள்ளே எல்லாம் இருக்கிறது. பவுசர் லொறியில் குடிதண்ணீர்கூட வருகிறது. அரிசி, மரக்கறி எல்லாம் வெளியிலிருந்து லொறியில்தான். எங்கள் ஆட்களில் ஆறு பேர் கேற்றில் காவல் நிற்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து இளையதம்பி உவர்த் தண்ணீரால் வெங்காயச் செய்கையை விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டான்.

ஆனால் முதல் கையெழுத்து நான் வைத்தது. என் பிள்ளை மேடையில் நின்று பேசுகிற பெருமையில் கடதாசியை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அது என் பிழை. அதை நீ சுமக்காதே.

அம்மாவின் வருத்தத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொன்னார். நீ அதையும் யோசித்துக்கொண்டிருப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. ஊரில் சிலர் பேசத்தான் செய்வார்கள். நான் உன் பக்கத்திலேயே நிற்பேன். கிரியை செய்யப் பெரியப்பாவின் மகன் நிசாந்தன் வருகிறான். ஆனால் அம்மாவுக்குப் பிள்ளை நீ ஒருத்திதான். வா பிள்ளை.

உன்னைப் பார்த்திருக்கும்
அப்பா,
பரராசசிங்கம்