ஏழுக்கு இறங்காத தண்ணீர்

ஆடி 14, புதன்.

என் மனைவி சரோஜாவின் மீன்கள் ஒன்பதும் இன்று செத்துவிட்டன.

கூடுவாஞ்சேரி போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வாளியில் வெள்ளையாகப் படியும். மீன்தொட்டிச் செடிகள் தழைக்கட்டும் என்று கரியமில வாயு விட்டேன். தண்ணீரின் பி.எச். ஏழுக்கு இறங்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எட்டிலேயே நின்றது. வால்வை இன்னும் திறந்தேன்.

மருமகள் காலையிலேயே சொன்னாள். "மாமா, மீனுங்கல்லாம் மேல வந்து வாயத் தொறந்துகினு கீது. கேஸ மூடுங்க."

"ஏழு வரட்டும். நீ படிச்சியா, நான் படிச்சனா?"

"மீனு படிக்கலியே மாமா."

மதியம் ஏழு வந்தது. மீன்கள் மிதந்தன. சுண்ணாம்புத் தண்ணீரில் அந்த எண்ணைத் துரத்தினால் வாயுதான் ஏறும், மீன் மூச்சு முட்டிச் சாகும் என்று அடுத்த பக்கத்தில் போட்டிருக்கிறான். முதல் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் சரோஜா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "மீனுக்குத் தீனி போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன். காலையில் போட்டது உண்மைதான்.

நாளை வீட்டுக்கு வருகிறாள். அதே நிறத்தில் ஒன்பது வாங்கி விட்டுவிடலாம் என்கிறாள் மருமகள். சரோஜாவுக்கு ஒவ்வொரு மீனையும் தெரியும்.

தொட்டி விளக்கை அணைக்கப் போனேன். செடிகள் மட்டும் பச்சைப்பசேலென்று இலைக்கு இலை குமிழ் விட்டுக்கொண்டிருந்தன.