கார்டில் அச்சடித்த ஒன்பதரை மணி

மாட்டுங்கா,
திங்கட்கிழமை

சிரஞ்சீவி நகுலுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வந்தனாவும் அம்முக்குட்டியும் குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்று அப்பா போனில் உன்னிடம் ஃபங்ஷன் ஜோராக நடந்தது, ஹால் நிரம்பி வழிந்தது என்றாரே, அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொன்னார். மீதியை நான் சொல்லப் போனால் பக்கத்தில் வந்து நின்று கண்ணை உருட்டினார். அதனால்தான் லெட்டர். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்க வரும், பரவாயில்லை, மெதுவாகப் படி, ஆனால் கடைசி வரை படி.

எங்கள் ஹைஸ்கூலுக்கு எழுபது வருஷம் ஆனதற்காகப் பழைய டீச்சர்களையும் ஸ்டாஃபையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்தோம். அப்பாதான் செக்ரட்டரி, கேட்க வேண்டுமா, தலைகால் புரியவில்லை. கார்டு அச்சுக்குப் போகும்போது காலை ஒன்பதரை மணி, முதலில் சிற்றுண்டி என்று போட்டார். பத்தரை என்றுதானே முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "அசடு, நம்ம மனுஷாளுக்கு ஒன்பதரைன்னு போட்டாத்தான் பத்தரைக்காவது வந்து சேருவா" என்றார். கமிட்டியே சிரித்தது, நானும்தான் சிரித்தேன், என்னத்தைச் சொல்ல. வாட்ச்மேனுக்கும் கேட்டரிங்காரனுக்கும் மட்டும் நிஜ நேரத்தைச் சொல்லி வைத்தார். யாரைக் கௌரவிக்கப் போகிறோமோ அவர்களுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு சயின்ஸ் எடுத்த லோகாம்பாள் டீச்சரைப் பற்றி நீ சின்ன வயசில் நிறையக் கேட்டிருக்கிறாய். இப்போது எண்பத்தொன்பது வயசு, சான்பாடாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த நாளில் சாயங்காலம் யாராவது குழந்தையைக் கூட்டிப்போக ஆள் வராவிட்டால் டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்பார், கடைசிக் குழந்தை போகிற வரைக்கும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார், டிபன் டப்பாவில் இதற்கென்றே ஒரு வாய் மிச்சம் வைத்திருப்பார். ஒரு மழை நாளில் லோக்கல் ரயில் நின்றுபோய் உன் தாத்தா ஆபீஸிலிருந்து வரவில்லை, நான் ஓவென்று அழுகிறேன், "ஏன்டி அழறே, நான் இருக்கேனோல்லியோ" என்று தோசைத் துண்டை என் கையில் வைத்தார். பியூன் நம்பிராஜனும் அப்படித்தான். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். பெல்லை ஒரு நிமிஷம் முன்னே பின்னே அடித்தார் என்று கிடையாது. கிங்ஸ் சர்க்கிள் ரோட்டில் மழைத் தண்ணீர் ஏறினால் எங்களைத் தோளில் தூக்கி அக்கரை சேர்ப்பார். அவர் தோளில் ஏறாத பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை, உன் அப்பா உட்பட.

நேற்று வரவேற்பு என் பொறுப்பு. அப்பா குளிக்கவே இல்லை, நான் கோபித்துக்கொண்டு சந்தனம், பன்னீர், கற்கண்டு எல்லாம் வைத்த தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு முன்னாலேயே நடந்து போய்விட்டேன். போய்ப் பார்த்தால் ஹால் கதவு பூட்டியிருக்கிறது, படியில் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நம்பிராஜன் நின்றுகொண்டு வெயில் படாமல் குடை பிடிக்கிறார். அவருக்கே எண்பது தாண்டிவிட்டது. "ஒம்பதரைக்கு முன்னாலயே வந்துட்டாவம்மா, கதவு பூட்டிக் கெடக்கு, இப்பம் என்னென்னமோ பேசுதாவ" என்றார். டீச்சரின் ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. என்னை வேறு யாரோ ஜானகி என்று நினைத்துக் கூப்பிட்டு, பெல் அடித்தாச்சு, கிளாஸுக்குப் போ என்றார். மடியில் அந்தக் கார்டு. வந்த புதிதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோது டீச்சர் சொன்னதை நம்பிராஜன் என்னிடம் சொன்னார். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் கிளம்பினாராம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ என்று டாக்ஸியில் ஏற்றிவிடும்போதுகூட மகள் கெஞ்சினாளாம், கார்டில் டிபன் போட்டிருக்கிறது, குழந்தைகள் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனால் நன்றாயிருக்காது என்று வந்துவிட்டாராம். குழந்தைகளாம், எழுபத்தைந்து வயசுக் குழந்தைகள்!

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது, ஆனால் கையில் என்ன இருக்கிறது. கற்கண்டை வாயில் போடப் பயம், தொண்டையில் அடைத்துக்கொண்டால்? நம்பிராஜன் பன்னீர்ச் செம்பின் அடியால் கற்கண்டைப் படியில் வைத்து நொறுக்கினார், நான் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன், அது கரைந்தால்தானே சனியன். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் விட்டேன், பாதி கழுத்தில் வழிந்தது. ஒரு கையால் அப்பாவுக்குப் போன் போட்டேன். "வந்துண்டே இருக்கேன்" என்றார், பாத்ரூம் குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் கூப்பிடாத தெய்வம் இல்லை நகுல். நம்மைத் தெருவில் நிற்க விடாத மனுஷியைத் தெருவில் உட்கார வைத்துக் கொன்றுவிட்டோமே என்று வாய்விட்டே அழுதேன். அப்புறம் டீச்சர் தானாக ஒரு வாய் விழுங்கினார், இன்னொரு வாய் விழுங்கினார். கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்து, "ஷ்யாமளா, ஏன்டி அழறே, நான் இருக்கேனோல்லியோ" என்றார்.

அப்புறம்தான் எதிர்த்த கிளினிக்கைத் திறந்தார்கள், டாக்டர் வந்து பார்த்தார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றால் டீச்சர் கேட்கவில்லை, கேட்டரிங்காரன் வந்ததும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மேடை ஏறி, நம்பிராஜனையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார். பொன்னாடையை எடுத்துக்கொண்டு அப்பா வந்தபோது, "பஞ்சாபகேசா, மணி என்ன?" என்று கேட்டார். பதினொன்றே கால் டீச்சர் என்றார். "கார்டிலே?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்கு ஒன்பதரைன்னா ஒன்பதரைதான்டா" என்று மட்டும் சொல்லி, பொன்னாடைக்குத் தோளைக் காட்டினார். திட்டியிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நேற்றிலிருந்து மோர்சாதம்தான், அதுவும் பாதி.

இப்போது உன் விஷயம். டிசம்பரில் கண்டிப்பாக வருகிறோம் என்று போனில் சொன்னாய். அப்பா சிரிக்கிறார், "உன் பிள்ளை டிசம்பர்னா நாம ஏப்ரல்னு வெச்சுக்கணும்" என்கிறார் என்னிடம். போன தீபாவளிக்கு வருகிறேன் என்றாய், மெத்தை உறைகூடத் துவைத்து வைத்திருந்தேன். அப்பாவைப் போல் கழித்துக் கணக்குப் போட எனக்கு வராது கண்ணா, நான் நம்பிராஜன் பெல்லுக்கு எழுந்து நின்றவள். வர முடியாவிட்டால் முடியாது என்றே சொல், ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். தேதியைச் சொல்லிவிட்டாயானால் நான் அன்றைக்கே வந்து படியில் உட்கார்ந்துவிடுவேன்.

டீச்சருக்கு ஒரு போன் போட்டு உடம்பு எப்படி என்று கேள், மறக்காதே. மூன்று பேரும் தீர்க்காயுசாக, சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
ஷ்யாமளா