பைக்குள் இருந்த வெள்ளி ரேஸர்

2025 ஏப்ரல் 7, திங்கள்

ரேஸர் வெள்ளிதான். உரைத்துப் பார்த்துச் சொன்னவர் முபாஷிர், கல்மண்டபத்தில் வெள்ளிச் சாமான் பழுது பார்ப்பவர். பித்தளையா, ஈயமா என்றுகூடத் தெரியாமல் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி, கரிக்கட்டை போல வந்து சேர்ந்த சாமான். திருகிக் கழற்றவும் முடியவில்லை. மரை இறுகிப் போயிருக்கிறது.

தெரிந்தவரை வரிசையாக எழுதி வைக்கிறேன். தலை சரியாக வேலை செய்யவில்லை, எழுதினால்தான் நிற்கிறது.

ஜனவரி 16. மத்தியதரைக் கடலில், கப்பலிலிருந்து கரைக்குப் போன படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் திரும்பவில்லை. ஒருவன் என் மகன் ஜெரி, கப்பலில் ஃபிட்டர். இன்னொருவர் மூன்றாம் இன்ஜினியர், கிரேக்கர். ஜெரியைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதே உயரம். மூன்று வாரம் கழித்து ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகம் பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. முதுகில் ஒரு கருப்புப் பை கட்டியிருந்தது. அந்தப் பை கப்பலில் எல்லோருக்கும் கொடுத்தது. பையோடு ஏறியது இந்தியர் என்று படகோட்டி முதலில் சொன்னார். மறுநாள் நினைவில்லை என்றார். முதல் நாள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஜெரி என்று எழுதி, அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். பை எங்களுக்கு வந்தது.

பையில் இரண்டு பனியன், ஒரு துண்டு, இந்த ரேஸர். ஜெரி கல்லூரிக் காலத்திலிருந்து தாடிக்காரன். மழுங்கச் சிரைத்து நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லித்தான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ரேஸர் ஜெரியுடையது இல்லை என்றால் பை அவனுடையது இல்லை. பை அவனுடையது இல்லை என்றால் உடலும் இல்லை.

டி.என்.ஏ. பரிசோதனைக்கு மார்ச்சிலேயே என் எச்சில் மாதிரி போயாயிற்று. அறிக்கை எப்போது வரும் என்று கப்பல் முகவருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

முபாஷிர் திராவகத்தில் முக்கி, சக்கரத்தில் பிடித்து, புதுசு போலத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். முத்திரை ஏதாவது இருந்தால் தேய்ந்து போகும். அவருக்கு மனசு ஒப்பவில்லை.

“கருப்பாவே வூட்டுக்கு எடுத்துனு போனீங்கன்னா, பாய்க்கு வேலை தெர்லன்னு அக்கா கடை வாசல்ல வந்து கத்தும் சார். என் பேரு ரிப்பேர் ஆயிடும்.”

வீட்டிலேயே செய்தேன். அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிக்கும் தண்ணீர். பழைய வெள்ளி சேகரிப்பவர்கள் மூன்று இடங்களில் இதே முறையை எழுதியிருக்கிறார்கள். போட்ட உடனே அழுகின முட்டை நாற்றம். என் மனைவி ஜானட் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“இன்னாய்யா, மணலி ஃபேக்டரி காத்து இங்க வரிக்கும் வந்துட்ச்சா?”

அப்புறம் அடுப்பைப் பார்த்தாள். “என் கொயம்பு சட்டிதான் கெட்ச்சுதா ஒனக்கு?”

ஜனவரிக்குப் பிறகு அவள் என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை. திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கருப்பு இறங்கிவிட்டது. முழுதாக இல்லை, கோடுகளின் இடுக்கில் தங்கியிருக்கிறது. அதனால்தான் முத்திரைகள் படிக்க முடிகிறது. பிடியின் அடியில் வரிசையாக நான்கு, பூதக்கண்ணாடிக்குக் கீழே.

செய்தவரின் இரண்டு எழுத்து, பாதி தேய்ந்தது. நடக்கும் சிங்கம்: ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி என்று இங்கிலாந்தில் சோதித்த அடையாளம். அடுத்தது நங்கூரம். கப்பல் சம்பந்தப்பட்டது என்று முதலில் நினைத்தேன், தப்பு. அது பர்மிங்ஹாம் நகரச் சோதனைக்கூடத்தின் அடையாளம். கடலே இல்லாத ஊர். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து, எஃப். அந்த நகர அட்டவணைப்படி 1930.

ஆக, தொண்ணூற்றைந்து வருடத்துச் சாமான். ராயபுரத்துப் பையன் பையில் இதற்கு என்ன வேலை? ஐரோப்பாக்காரன் பையில் இருக்கும். தாத்தா அப்பாவுக்குக் கொடுத்து, அப்பா மகனுக்குக் கொடுத்தது.

பிடியின் கழுத்தில் ஐந்தாவதாக ஓர் அடையாளம். வரிசையாக மூன்று புள்ளி, கீழே ஒன்று. எந்த அட்டவணையிலும் இல்லை. பழைய ரேஸர் சேகரிக்கும் இரண்டு வெள்ளைக்காரர்களுக்குப் படம் அனுப்பினேன். அவர்களுக்கும் தெரியவில்லை. உரிமையாளர் குத்திவைத்த குறியாக இருக்கலாம் என்று ஒருவர் எழுதினார். இருக்கலாம்.

கிரேக்கரின் மனைவி பெயர் எலேனி. முகவர் வழியாக அவளுக்கும் படம் போயிருக்கிறது. இது உங்கள் கணவருடையதா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

நம்பிக்கை என்ற சொல்லை இதில் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. காசிமேட்டில் விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். நான் நிருபராக இருக்கும் பத்திரிகைக்கு இருநூறு சொல் அனுப்பினேன். போன வருடச் செய்தியில் தேதியை மாற்றியது போல இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

கோயிலுக்குப் போனோம். சிலுவையை முத்தமிட எல்லோரும் எழுந்தார்கள். ஜானட் எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

எலேனியின் பதில். நான்கு வரி. ரேஸர் அவர்களுடையது இல்லை. கணவர் மின்சார ரேஸர்தான் வைத்திருந்தார், அவளே வாங்கிக் கொடுத்தது. வீட்டில் இப்படி ஒரு பொருளை யாரும் பார்த்ததில்லை. என் மகனுக்காக வேண்டிக்கொள்கிறாள்.

கோபம் வந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருக்கிறவன் பையில் என்ன கிடக்கிறது என்று வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் அதே வரிகளைத் திரும்பப் படித்தேன். அவளும் என்னைப்போலத்தான் எழுதியிருக்கிறாள். ரேஸர் அவருடையது இல்லை என்றால் உடலும் அவருடையது இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் உடல் கிடக்கிறது. எங்களுடையது இல்லை, உங்களுடையது என்று ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளுகிறோம்.

அந்த மனிதர், யாராக இருந்தாலும் —

போதும்.

மே 3, சனி

மரையைக் கழற்ற வேண்டும். முபாஷிர் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். உள்ளே பெயரோ எழுத்தோ இருந்தால் எலேனிக்குக் காட்டலாம். திருவொற்றியூர் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கப்பலுக்குப் போகுமுன் ஜெரி நாலு வருடம் வேலை பார்த்த இடம். அவன் தோஸ்து செங்குட்டுவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

“வா நைனா! இன்னா, தங்கம் கெட்ச்சா மாதிரி சிரிச்சுக்கினு வர்ற?”

எதற்காக வந்தேன் என்று முழுக்கச் சொன்னேன். ரேஸரை வாங்கி, செப்புத் தகடு சுற்றி, மெதுவாகப் பிடித்தான். “வெள்ளி சோறு மாதிரி நைனா. கொஞ்சம் அழுத்துனா நசுங்கிக்கும்.” இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், கொஞ்சம் சூடு. கழன்றது. பெயர் எதுவும் இல்லை. பிடிக்குள் ஒரு பித்தளைக் குழாயை இறக்கி, அதில் மரை வெட்டியிருந்தது. மஞ்சள் மஞ்சளாக, புதுப் பித்தளை.

வெளிச்சத்துக்குத் திருப்பினான். பெருவிரல் கழுத்துப் பக்கம் நின்றது.

“எதுனா தெரியுதா?” என்றேன்.

“இன்னா தெரியணும்? பழைய சாமான். எவனோ ரிப்பேர் பண்ணிக்கிறான். அவ்ளோதான்.”

பதில் சொன்னபோது ஓடாத லேத்தைத் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். எப்போது போனாலும் “அம்மா எப்டிக்கீது?” என்று கேட்பவன், இன்று கேட்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தே எனக்குத் தலை நரைத்தது. இன்று குறிப்பெடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

பித்தளை 1930 இல்லை. யாரோ சமீபத்தில் போட்ட மரை.

கிரேக்கரும் இன்ஜினியர்தானே. கப்பலில் லேத் இருக்கும்தானே. மரை வெட்டத் தெரியாதா அவருக்கு?

மே 12, திங்கள்

செங்குட்டுவன் போன் செய்தான். வீட்டுக்கு வர மாட்டானாம். கல்மண்டபம் டீக்கடையில் நின்றிருந்தான். டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான், குடிக்கவில்லை.

“நைனா, அந்தப் புள்ளி ஜெரி போட்டது.”

பட்டறையில் ஒரு பழக்கம், ஓனர் வைத்தது. வேலை முடிந்ததும் செய்தவன் தன் புள்ளியைக் குத்த வேண்டும். சாமான் கோளாறாகித் திரும்பி வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும், அதற்காக. செங்குட்டுவனுக்கு இரண்டு. அவனோடு வேலை செய்யும் கிருஷ்ணப்பனுக்கு ஒன்று. ஜெரிக்கு மேலே மூன்று, கீழே ஒன்று.

“கப்பல்ல எவன் நைனா கேக்கப்போறான்? கை பயக்கம். குத்தாம வுட்டா அவனுக்கு வேலை முடிஞ்சா மாதிரியே இருக்காது.”

டிசம்பரில் ஜெரி அவனிடம் போனில் பேசியிருக்கிறான். ஏதோ துறைமுகத்துச் சந்தையில், மரை போன பழைய ரேஸர் ஒன்று கிடைத்ததாம். லேத்தில் பிடித்தால் வெள்ளியில் தழும்பு விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டானாம். செப்புத் தகடு சுற்றிப் பிடி என்று இவன்தான் சொல்லியிருக்கிறான்.

“தாடிக்காரனுக்கு ரேஸர் எதுக்குடான்னு கலாய்ச்சேன். எனக்கில்லடா, நைனாவுக்குன்னான். அது பிளாஸ்டிக் ரேஸர வெச்சுக்கினு மூஞ்ச மூஞ்ச கீறிக்கினு கீது, பேஜாரா கீதுன்னான்.”

“அன்னிக்கே ஏண்டா சொல்லல?”

“நீ சிரிச்சுக்கினே வந்த நைனா. எப்டி சொல்வேன்?”

டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூணு, கீய ஒண்ணு. எங்கெங்க கேட்டேன். எவன் எவனுக்கோ படம் அனுப்பினேன். இங்க, ஒரு பஸ் ஏறினா வந்துர்ற எடத்துல — டேய் ஜெரி. பிளாஸ்டிக் ரேஸரே போதும்டா எனக்கு. மூஞ்சி கீறினா இன்னாடா போச்சு. ஏண்டா அத முதுகுல கட்டிக்கினு போன?

மே 13, செவ்வாய்

ஜானட்டிடம் சொல்லவில்லை.

மே 15, வியாழன்

எலேனிக்கு எழுதினேன். ரேஸர் என் மகனுடையது. பையும் அவனுடையது. கரை ஒதுங்கியது உங்கள் கணவர் என்று நான் கொடுத்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இதைப் படித்ததும் அவள் முதலில் சந்தோஷப்படுவாள். அப்புறம் கடலைப் பார்ப்பாள். எனக்காவது ஒரு குழி இருக்கிறது.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஜானட் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, பட்டறைப் பழக்கம், புள்ளி, டிசம்பரில் வந்த போன், எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. தலை ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம்.

“எத்தினி பேரு சொன்னாங்க?”

“செங்குட்டுவன்.”

“ஒருத்தன். ஒருத்தன் சொன்னத வெச்சு பேப்பர்ல போடுவியா நீ?”

“மாட்டேன்.”

“அப்ப என் வூட்டுல மட்டும் ஏன்யா போடுற?”

அவள் மீனை மூன்று தண்ணீரில் அலசி, மஞ்சள் போட்டு, மூடி வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். ரேஸரைக் கொடுத்தேன். சிங்கத்தையும் நங்கூரத்தையும் பார்க்கவில்லை. கழுத்தைத் தேடிப்பிடித்து, பெருவிரலால் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“கோணலா குத்திக்கிறான் பாரு,” என்றாள். “எதையும் நேரா செஞ்சதில்ல.”

மரையைத் திருகிப் பார்த்தாள். “பிளேடு போட்டுப் பாத்தியா?”

“இல்ல.”

“ஒனக்குன்னுதானே செஞ்சான். பூட்டி வெக்கவா செஞ்சான்?”

டி.என்.ஏ. அறிக்கை ஜூன் 20க்குள் வரும் என்று முகவர் இன்று எழுதியிருக்கிறார். எலேனியிடமிருந்து பதில் இல்லை. இறந்தவர்களுக்கான ஆத்துமப் பூசைக்கு ஜெரியின் பெயரைக் கொடுக்கிறீர்களா என்று கோயிலிலிருந்து கேட்டார்கள். ஜானட்தான் போனை எடுத்தாள். ஜூன் இருபதுக்கு அப்பால சொல்றோம் ஃபாதர், என்றாள்.