கோரைக்குடிக் கரை உடைந்ததில் நன்முல்லையார்க்குப் பழியில்லை என அறிவிக்கும் ஓலை

நலம் பெருகுக. செந்நீர் நாடாளும் கோமான் திருவழுதித் தேவரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, ஆம்பலூர் அவையின் தலைமை அமைச்சன் எயினன் கண்டன், தாழைக்குறிச்சியில் தமையனார் மனையில் தங்கியிருக்கும் முன்னாள் ஏரிக்காவல் தலைவி நன்முல்லையார்க்கு வணங்கி விடுக்கும் ஓலை. தாங்கள் வாழும் ஊர் குளிர்ந்திருக்க. தங்கள் நலம் வினவும் தகுதி எனக்கில்லை. ஆதலால் செய்தியைச் சொல்கிறேன்.

தொலைவூர் அதிகாரிகள் ஆறு நாள் வழிநடந்து அவைக்கு வரும் துன்பம் தீரவேண்டி, முகத்தையும் குரலையும் தொலைவுக்குக் கடத்தும் ஆடிகளால் மூன்று ஊர் மன்றங்களை இணைத்து, பேசுவோர் சொல்லைத் தானே கேட்டு, தானே ஆய்ந்து, முடிவை ஓலையில் எழுதித் தரும் அறிவுப்பொறியை அமைத்தவன் நான். அதனால் எனக்குப் பெருமையும் வந்தது, செருக்கும் வந்தது.

சென்ற ஐப்பசியில், ஏரியை நிறைமட்டம்வரை நிரப்பலாமா என அவை கூடியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் மன்றத்தின் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வடகரையில் கசிவு கண்டதாகவும், மூன்று நாள் பொறுத்தால் அடைத்துவிடலாம் என்றும் தாங்கள் உரைத்தீர்கள். மழையின் இரைச்சலில் அச்சொல்லைப் பிரித்தறியாத பொறி, ஏரிக்காவல் தலைவியும் உடன்பட்டார் என எழுதியது.

நான் அந்த வரியைப் படித்தேன். பிழையென அறிந்தும் இருந்தேன். ஆயினும், வெற்றிலைத் தட்டு வருமுன்னரே முடிவோலை வந்துவிட்டதே எனக் கோமான் மகிழ்ந்திருந்த வேளையில், என் பொறி பிழைத்தது என்று சொல்ல நாவெழவில்லை. மறுநாள் ஆளனுப்பித் திருத்திக்கொள்ளலாம் என்றெண்ணி முத்திரையிட்டேன். மறுநாள் வேறு அலுவல் வந்தது, ஆளனுப்பவில்லை.

அந்த ஓலையின்படி ஏரியை நிரப்பினர்; மூன்றாம் நாள் வடகரை உடைந்தது. கோரைக்குடியில் ஏழு உயிர்கள் போயின. விசாரணையில் தாங்கள் மறுத்துரைத்ததாகச் சொன்னீர்கள்; ஓலையோ உடன்பட்டதாகச் சொன்னது. கோமான் என்னை நோக்கினார். பொறி பொய்யெழுதாது என்றேன். தங்கள் பதவி போயிற்று. தாங்கள் அவையை நீங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பத்துத் திங்கள் கழிந்தபின், பொறியைப் பேணும் கம்மியர் ஓரியார் என்னிடம் வந்து, அதனுள் பழைய கூட்டங்களின் குரல்கள் சேர்ந்துவிட்டன, அழிக்கலாமா எனக் கேட்டார். ஐப்பசிக் கூட்டத்தை மட்டும் ஒலிக்கச் சொன்னேன். மழையினூடே தங்கள் குரல் மெல்ல எழுந்தது. அதன்பின் என் குரலும் கேட்டது: "கேட்டேன், அம்மையே. குறித்துக்கொள்கிறேன்."

இப்படி விடையிறுத்ததையே நான் மறந்திருந்தேன். ஓரியாரிடம் அழிக்க வேண்டாம் என்றேன்.

அக்குரல்களை நிறைந்த அவையில் ஒலிக்கச் செய்து, நடந்ததனைத்தையும் கோமானிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அக்குரல்களை மறுபடியும் ஒலிக்கச் செய்து கேட்டார். பின்னர், "பொறி கேளாமற்போனது மழையால். கேட்ட நீர் சொல்லாமற்போனது எதனால்?" என்றார்.

ஆகவே கோமானின் ஆணை இது. நன்முல்லையார்மேல் நின்ற பழி இன்றோடு நீங்குக. அவர் விரும்பின் முன்னைய பதவியை ஏற்க. விரும்பாவிடில் எவரும் வற்புறுத்தற்க. இனிப் பொறி எழுதும் ஓலையை மூன்று மன்றங்களிலும் வாசித்து, பேசியவர் ஒவ்வொருவரும் தம் சொல் இதுவே என ஒப்பிய பின்னரே முத்திரை இடுக. எயினன் கண்டன் அமைச்சுப் பதவி நீங்கி, கோரைக்குடி மக்கள்முன் தன் வாயால் உண்மை உரைத்து, வடகரை எழுந்து முடியும்வரை மண் சுமப்பானாக.

இவ்வோலையில் இடுவதே என் கடைசி முத்திரை. மன்னிப்பு வேண்டி இதை எழுதவில்லை. அந்த ஏழு பேரின் வீட்டாரிடம் கேளாததைத் தங்களிடம் கேட்பது முறையன்று. தாங்கள் மீண்டும் கரைக்கு வந்தால், மண் சுமப்போர் வரிசையில் நானும் நிற்பேன். மற்றவர்க்கு இடும் வேலையையே எனக்கும் இடுங்கள்.

கோமான் திருமுன் எழுதி, அவையோர் கேட்க வாசித்து, முத்திரையிட்டது.